ஜேசிபி வருவதற்கு முன்: பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துப் புது வீட்டுக்குப் பொருள் சேர்க்கும் முறை

எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிக்க ஜேசிபி காலை எட்டு மணிக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீடு தரைமட்டம். மறுநாள் முழுக்க டிராக்டர் வைத்து ரப்பீஸை (இடிபாட்டுக் கூளத்தை) அள்ளி ஊருக்கு வெளியே வடிகால் கரையில் கொட்டினார்கள். இரண்டு மாதம் கழித்து அதே மனையில் பேஸ்மெண்ட் (தெருவைவிட உயரமாகத் தூக்கும் அடித்தளம்) நிரப்ப, கிராவலை லோடு லோடாக விலைக்கு வாங்கி இறக்கினார்கள். கொண்டுபோய்க் கொட்ட ஒரு கூலி, கொண்டுவந்து நிரப்ப ஒரு விலை. தெருவில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது.

மன்னார்குடி பக்கம் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுப்பது என் தொழில். எங்கள் தாத்தா வீடு உட்படச் சில வீடுகளை ஆள் வைத்துப் பிரித்திருக்கிறேன். அதில் கற்றதையும் கெட்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

காவிரி டெல்டாவில் இதற்குத் தனி நியாயம் உண்டு. நம்முடையது வண்டல் மண், தோண்டினால் களிமண்ணும் மணலும்தான் வரும், கல் வராது. 1010ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. இன்றைக்கும் ஜல்லி புதுக்கோட்டை, திருச்சி பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரியில் வருகிறது. ஆற்று மணலுக்குப் பதிலாக வாங்கும் எம் சாண்டும் அதே கல்லை உடைத்த தூள்தான். திருவாரூரிலோ வேதாரண்யத்திலோ இறங்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் (100 கன அடி) பாதி காசு டீசலுக்குப் போகிறது என்று லாரிக்காரர்களே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஏற்கெனவே மனையில் வந்து உட்கார்ந்திருக்கும் செங்கல்லையும் ஜல்லியையும் குப்பை என்று அனுப்புவது எனக்குப் புரியாத கணக்கு.

முதலில் எண்ண வேண்டும்

இடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் பேரம் பேச உட்கார்ந்தால், வருகிறவர் சொல்வதுதான் விலை.

சுவர்: நீளம், உயரம், கனம் மூன்றையும் பெருக்கினால் கன அடி. 20 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குலக் கனம் என்றால் 150 கன அடி. இப்போதைய சேம்பர் கல் (9 அங்குலம், நாலரை அங்குலம், 3 அங்குலம்) கலவையோடு சேர்த்துக் கன அடிக்குச் சுமார் 12 பிடிக்கும். ஆக அந்த ஒரு சுவரிலேயே 1,800 கல். பழைய வீடுகளில் சுவர் ஒன்றரை அடிக் கனம்கூட இருக்கும், கல்லும் மெலிசாக இருக்கும், அதனால் எண்ணிக்கை இன்னும் ஏறும். எல்லாம் முழுசாக வராது. ஆனால் எத்தனை வந்தால் லாபம் என்று பார்க்க இந்தக் கணக்கு வேண்டும்.

மரம்: ஒவ்வொரு உத்தரத்தையும் விட்டத்தையும் கைமரத்தையும் (கூரைச் சாய்வில் போகும் கட்டை) தனித்தனியாக அளந்து எழுதுங்கள். நீளத்தை அடியிலும் மற்ற இரண்டு அளவை அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி. 10 அடி நீளம், 6க்கு 4 அங்குலம் உள்ள சட்டம் ஒன்றேமுக்கால் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. தாத்தா வீட்டு மரத்துக்கு ஒரு தரகர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். நல்ல தொகையாகத்தான் தெரிந்தது. அளந்து பார்த்தபோது, தேக்கை மட்டும் கன அடிக் கணக்கில் விற்றாலே அதைத் தாண்டியது, வாகையும் பூவரசும் அவருக்கு இனாம். அதன் பிறகு எந்த வீட்டிலும் நான் மொத்தமாகப் பேசுவதில்லை.

ஓடு: சீமை ஓடு 100 சதுர அடிக் கூரைக்குச் சுமார் 140 இருக்கும். கதவு, ஜன்னல், தூண், முற்றத்துக் கருங்கல், வாசற்படி, அம்மி, உரல், கிணற்று ராட்டினம் எல்லாவற்றையும் எழுதி, போனில் படமும் எடுத்து வையுங்கள்.

காலமும் பேச்சும்

பங்குனி, சித்திரை மாதங்கள்தான் இதற்கு நல்ல காலம். தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை, ஆள் கிடைக்காது. ஜூன் 12ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் டிராக்டர் எல்லாம் குறுவை உழவுக்குப் போய்விடும். ஐப்பசியில் இடிக்கவே வேண்டாம். நனைந்த சுண்ணாம்புச் சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது, கழற்றிய மரமும் அடுக்கி வைத்த இடத்திலேயே பூஞ்சை பிடிக்கும்.

இடிக்கும் ஒப்பந்தம் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒன்று, பொருள் எல்லாம் அவருக்கு, உங்களுக்கு ஒரு தொகை. இன்னொன்று, பொருள் உங்களுக்கு, அவருக்கு ஆள் கூலி. நடுவே ஒரு வழி இருக்கிறது: எந்தெந்தப் பொருள் உங்களுடையது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மீதியை அவருக்கு விடுவது. எனக்குப் பிடித்தது அதுதான். "பாத்துக்கலாம் சார்" என்ற பேச்சில் விட்டால், நிலைக்கதவு போன பிறகுதான் பார்க்க முடியும்.

ஊராட்சியிலோ நகராட்சியிலோ அனுமதி, மின் இணைப்பைத் துண்டிப்பது, பழைய கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று குறிப்பது, இதெல்லாம் தெரிந்த விஷயம். பலர் மறப்பது பொதுச் சுவரை. கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்துத் தெரு வீடுகளில் உங்கள் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்றாகவே இருக்கும். அவர்கள் வீட்டு உத்தரம் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். அதைத் தொடுவதற்கு முன் அவர்கள் வீட்டுக்குள் போய்ப் பார்த்து, தேவையானால் அந்தப் பக்கம் முட்டு கொடுத்து, பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

பிரிக்கும் வரிசை

கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பிரிக்க வேண்டும். கடைசியில் வைத்தது முதலில் இறங்கும். ஒயர், சுவிட்ச், குழாய். அப்புறம் கதவு, ஜன்னல் இறக்கைகள். அடுத்தது ஓடு, அதில் மோட்டு ஓடு (கூரை உச்சியில் கவிழ்த்த ஓடு) முதலில். பிறகு ரீப்பர் (ஓடு உட்காரும் மெல்லிய சட்டம்), கைமரம், விட்டம், உத்தரம். தூண். அதன் பின் சுவர், மேலிருந்து வரி வரியாக. கதவு நிலையைச் சுவர் அந்த உயரத்துக்கு இறங்கிய பிறகே எடுக்க வேண்டும், முன்பே பிடுங்கினால் மேலே இருக்கும் கல் தலையில் விழும். கடைசியாகத் தரைக்கல், படி, கடைக்கால் (அஸ்திவாரம்).

ஓட்டைக் கூரையின் இரண்டு பக்கமும் சமமாக இறக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் பாரம் மறுபக்கம் சாய்ந்து, பழைய கைமரம் முறுக்கிக்கொள்ளும். ஆள் ஓட்டின் மேல் கால் வைக்கக் கூடாது, ரீப்பருக்குக் கீழே விட்டம் போகும் இடத்தில்தான் வைக்க வேண்டும். ஓட்டை மேலிருந்து வீசிப் பிடிப்பதைப் பார்க்க அழகாக இருக்கும், பத்தில் ஒன்று போகும். சாய்வாகப் பலகை வைத்து வழுக்கி விடுங்கள், கீழே ஒரு பாய் போதும்.

சுவருக்கு வந்தபோது எனக்கும் அவசரம்தான். "அண்ணே, சுவரை மட்டும் ஜேசிபி வச்சுத் தள்ளிடலாமே, எதுக்கு நாலு நாள் ஆள் கூலி?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் கடப்பாரையைக் கையில் கொடுத்தார். "கல்லுல குத்தாத தம்பி, வரியில குத்து." குத்தினேன். சுண்ணாம்புக் காரை மாவு மாதிரி உதிர்ந்தது, கல் தானாகக் கையோடு வந்தது, நாலு பக்கமும் முனை மழுங்காமல். "சுண்ணாம்பு பிடிக்கும், ஆனா விடச் சொன்னா விட்டுரும். சிமெண்டு விடாது" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்த வேலையின் மொத்தச் சூத்திரமும். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மெதுவானது, அதனால் பிரிக்கும்போது காரை உடையும், கல் நிற்கும். சிமெண்ட் கலவை பல செங்கல்லைவிடக் கெட்டியானது. அதைப் பிரித்தால் கல் உடையும், கலவை நிற்கும். ஆகவே சுண்ணாம்பில் கட்டிய சுவரை ஆள் வைத்துப் பிரியுங்கள். 1980களுக்குப் பிறகு பின்கட்டில் சேர்த்த சிமெண்ட் சுவர் என்றால் ஜேசிபியை விட்டு இடித்துக்கொள்ளலாம், அது எப்படியும் ஜல்லியாகத்தான் போகப் போகிறது.

பிரித்ததை இறக்கும் இடமும் முக்கியம். மனையின் ஒரு ஓரத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு ஆறு இடம் ஒதுக்குங்கள்: முழுக்கல், அரைக்கல்லும் துண்டும், சுண்ணாம்புக் கூளம், மரம், இரும்பு, உதவாதது. முதல் நாள் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க இரட்டைக் கூலி.

செங்கல்

முழுக்கல்லை அப்படியே எடுத்துக் கட்டிவிடக் கூடாது. முதல் வேலை காரையைச் சுரண்டுவது. பழைய கரண்டியோ வெட்டுக்கத்தியின் மொண்ணைப் பக்கமோ போதும். ஆறு முகத்திலும் காரை போக வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கலவை கல்லைப் பிடிக்காமல் பழைய சுண்ணாம்புப் பொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு தண்ணீரில் அலசி அடுக்குங்கள்.

அடுத்தது சோதனை. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் 'கணீர்' என்று கேட்க வேண்டும், 'மொத்' என்றால் தள்ளுங்கள். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டால் உடையக் கூடாது. இது எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நூற்றுக்கு ஐந்து கல்லை எடுத்து நல்ல வெயிலில் சில நாள் காயவிட்டு மளிகைத் தராசில் எடை போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப் போட்டு, துடைத்து, மறுபடி எடை போடுங்கள். சாதாரணக் கட்டடக் கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்தால் அதைக் கட்டுவேலைக்கு வைக்காதீர்கள், உடைத்து ஜல்லியாக்குங்கள்.

உப்புச் சோதனை நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கத்தவர்களுக்குக் கட்டாயம். ஒரு தட்டில் ஓர் அங்குலத் தண்ணீர் ஊற்றி, கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீரைக் கல் குடித்து, காய்ந்த பிறகு மேலே வெள்ளை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். லேசாகப் பூத்தால் அலசிப் பயன்படுத்தலாம். மாவு அப்பியது போலப் பூத்தால் அந்தக் கல் எந்தப் பூச்சையும் உதிர்த்துவிடும். மாட்டுக் கொட்டகைச் சுவரின் கீழ் மூன்று அடிக் கல்லும் அப்படித்தான், எத்தனையோ வருடத்துக் கோமியம் அதில் ஏறியிருக்கும். அடுப்படிப் புகைபோக்கிக் கல்லில் எண்ணெயும் கரியும் ஏறி, கலவை ஒட்டாது. மூன்றும் பேஸ்மெண்டுக்குள்கூட வேண்டாம் என்பேன், மனைக்கு வெளியே பாதை போட வையுங்கள்.

தேறிய கல்லை எங்கே வைப்பது? மாடி போடப் போகிற வீட்டின் பாரம் தாங்கும் சுவரில் நான் வைப்பதில்லை. அறை பிரிக்கும் சுவர், காம்பவுண்ட், திண்ணை, மாடிப்படியின் அடி, தோட்டத்துத் தொட்டி, இவற்றுக்குத் தாராளமாகப் போகும். பழைய மெலிசுக் கல்லைச் சேம்பர் கல்லோடு ஒரே சுவரில் கலக்காதீர்கள், வரி உயரம் ஒத்துப்போகாது, கொத்தனார் கலவையை அள்ளி அப்பிச் சரிக்கட்டுவார். கல்லில் மிச்சம் பிடித்தது சிமெண்டில் போகும். கட்டுவதற்கு முந்தின நாளே நன்றாக நனைத்து வையுங்கள். பழைய கல்லுக்குத் தாகம் அதிகம், நனைக்காவிட்டால் கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி அதை உதிர வைத்துவிடும்.

மரம்

சுவருக்குள் புதைந்திருந்த முனைதான் முதலில் கெடும். வெளியே பளபளவென்று இருக்கும் உத்தரத்தின் முனையில் ஒரு கோணூசியைக் குத்திப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி இறங்கினால் நல்ல மரம் வரும்வரை அந்த முனையை அறுத்துவிட வேண்டியதுதான். அதை முன்பே கழித்துவிட்டுக் கன அடி கணக்கிடுங்கள்.

ஆணியை எல்லாம் பிடுங்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் மரவாடியில் ரம்பப் பல் ஒன்று ஆணியில் மாட்டிப் போனால் அடுத்த முறை உங்கள் மரத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். தலை உடைந்து உள்ளே நிற்கும் ஆணியைக் காந்தத்தால் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். பழைய தேக்கு நன்றாகக் காய்ந்து அடங்கிய மரம், இழைத்து நிலை, ஜன்னல் சட்டம் செய்தால் புது மரம் போலக் கோணாது. பனங்கை (பனைமரச் சட்டம்) வைரம் பாய்ந்ததாக இருந்தால் கொட்டகைக்குப் போகும், நாராகப் பிரிந்திருந்தால் விறகு. கரையான் தின்ற மரத்தை, ஒரு துண்டு கூட, மனையில் புதைக்காதீர்கள். புது வீட்டுக்கு நீங்களே கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும்.

பெயிண்ட் அடித்த பழைய கதவை எரிக்கவும் வேண்டாம், உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற கட்டுப்பாடு நம் நாட்டில் 2017ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசி சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டுங்கள்.

ஓடு

மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு ஓட்டுச்சாலையை 1865ல் தொடங்கியது. அதன் வழிவந்ததுதான் நாம் சொல்லும் சீமை ஓடு. திருப்பிப் பார்த்தால் தயாரித்தவர் பெயர் பதிந்திருக்கும். சுண்டினால் சத்தம் வரும் ஓட்டை எடுங்கள், பாசியைத் தென்னை மட்டையால் தேய்த்து அலசுங்கள். மாட்டுக் கொட்டகைக்கும் தாழ்வாரத்துக்கும் நேராகப் போடலாம். ஆனால் 2018 நவம்பர் 16ல் கஜா புயல் அடித்த பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கத்துக் கூரைகளைப் பார்த்தவர்கள், ஓரத்து இரண்டு வரியையும் மோட்டு ஓட்டையும் கலவை வைத்துக் கட்டாமல் விட மாட்டார்கள்.

இன்னொரு வழி, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய ஃபில்லர் ஸ்லாப். காங்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதி இழுவிசை வாங்கும் இடம். அங்கே காங்கிரீட் பெரிதாக உதவுவதில்லை, கம்பிதான் தாங்குகிறது. அதனால் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே பழைய ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே காங்கிரீட் போடுவார்கள். காங்கிரீட் மிச்சம், உள்ளே வெக்கையும் குறைவு. கம்பி இடைவெளியைப் பொறியாளர் வரைந்து கொடுக்காமல் இதைச் செய்யவே கூடாது. உடைந்த ஓடும் வீணில்லை, செங்கல் ஜல்லியோடு சேர்த்து மொட்டை மாடித் தளத்தில் போட்டு இடித்து இறுக்கலாம்.

கூளம் பேஸ்மெண்டுக்குள் போகும் விதம்

பெரிய மிச்சம் இங்கேதான். பெரிய தவறும் இங்கேதான் நடக்கிறது, நானே செய்திருக்கிறேன்.

சாலை மேல் சாலை போட்டு ஏற்றியதில் நம் ஊர்ப் பழைய வீடுகள் பல தெருவுக்குக் கீழே போய்விட்டன. மழைக்காலத்தில் வாசலில் மணல் மூட்டை. அதனால்தான் பலரும் இடிக்கவே முடிவு செய்கிறார்கள், புது வீட்டுக்கு மூன்று அடி பேஸ்மெண்ட் கேட்கிறார்கள். 800 சதுர அடிக்கு மூன்று அடி என்றால் 2,400 கன அடி. யூனிட்டுக்கு 100 கன அடி, ஆக 24 யூனிட். சுவர் பிடிக்கும் இடத்தைக் கழித்து, இடித்து இறுகும் அளவைக் கூட்டினால் கிட்டத்தட்ட அதே கணக்கில் வந்து நிற்கும். ஒரு பழைய வீட்டின் துண்டுக்கல்லும் கூளமும் இதில் நல்ல பங்கைக் கொடுக்கும்.

என் தவறு இது. ஒரு வீட்டில் அரைக்கல்லையும் காரைக் கட்டியையும் அப்படியே உள்ளே கொட்டினோம். மேலே மணலைப் பரப்பி, தண்ணீர் விட்டு, டைல்ஸும் போட்டாயிற்று. ஒரு மழைக்காலம் போனது. ஹாலில் வடமேற்கு மூலையில் நடந்தால் 'டொக் டொக்' என்று ஒலி. மூன்று டைல்ஸைப் பெயர்த்தோம், கீழே காங்கிரீட்டுக்கும் நிரவலுக்கும் நடுவே என் உள்ளங்கை தட்டையாக நுழைந்தது. அரைக்கல்லுக்கு நடுவே இருந்த சந்துகளில் மணல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் செலவில் அந்த அறையைத் தோண்டித் திரும்பப் போட்டேன்.

இப்போது செய்யும் முறை இதுதான். துண்டுக்கல் எதுவும் மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சம்மட்டியால் உடைத்துவிடுவோம். கூளத்தைச் சல்லடையில் சலித்து, மரச் சில்லு, வேர், பிளாஸ்டிக், கண்ணாடி எடுத்துவிட்டு, சலித்த பொடியைத் துண்டுக்கல்லோடு முன்பே கலக்கிறோம், சந்து அடைபட. ஆறு அங்குலத்துக்கு ஒரு அடுக்கு. தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையாலோ வாடகைக்குக் கிடைக்கும் அதிர்வு இயந்திரத்தாலோ இடித்து, அதன் பிறகே அடுத்த அடுக்கு. எல்லா அறையிலும் சமமாக ஏற்ற வேண்டும், ஒரு அறையை மட்டும் நிரப்பினால் புதுச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். ஒவ்வொரு அடுக்கிலும் 12 எம்எம் கம்பியைக் கையால் குத்திப் பார்ப்பேன், சுலபமாக இறங்கினால் மறுபடி இடி. மேல் ஆறு அங்குலம் சுத்த மணல் அல்லது கிராவல், கரையான் மருந்து, அதற்கு மேல் தரைக் காங்கிரீட். கடைக்காலுக்காகத் தோண்டிய களிமண்ணை மட்டும் உள்ளே போடவே போடாதீர்கள். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், நம் வயல் வரப்பைக் கோடையில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுண்ணாம்புப் பொடியை வயலுக்கு உரம் மாதிரி இறைக்கச் சிலர் சொல்வார்கள். மண் ஏற்கெனவே உவர், களர் என்று தவிக்கும் இடத்தில் அது கெடுதல். பேஸ்மெண்டே அதற்குச் சரியான இடம்.

காங்கிரீட்டும் கம்பியும்

பின்னால் சேர்த்த தளம், சன்ஷேடு, லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே போகும் காங்கிரீட் சட்டம்) உடைந்தால் காங்கிரீட் கட்டி வரும். உடைத்த காங்கிரீட் ஜல்லியை எங்கே, எவ்வளவு சேர்க்கலாம் என்று ஐஎஸ் 383 என்ற இந்தியத் தரநிலை 2016ல் சொல்லியிருக்கிறது: கம்பி இல்லாத காங்கிரீட்டில் பெரிய ஜல்லியில் 25 சதவீதம் வரை, கம்பி போட்ட காங்கிரீட்டில் எம் 25 தரம் (எம் எண் கூடினால் பலம் கூடும்) வரை மட்டும் 20 சதவீதம், எம் 15க்குக் கீழான மெலிந்த காங்கிரீட்டில் முழுவதுமே. செங்கல் கலந்த ஜல்லி மெலிந்த காங்கிரீட்டுக்கு மட்டும்தான். இயந்திரத்தில் நொறுக்கி, சலித்து, சோதித்த ஜல்லிக்கு இந்த அளவு. மனையில் சம்மட்டியால் உடைத்ததை நான் தளத்துக்கும் பீமுக்கும் தொடுவதில்லை. கடைக்காலுக்கு அடியில் போடும் மெலிந்த காங்கிரீட், கொல்லைப்புறத் தரை, வண்டி நிறுத்தும் இடம், இவ்வளவுதான். ஜல்லியை முதல் நாளே நனைத்து வையுங்கள். பிஓபி சீலிங் துண்டு ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது, ஜிப்சத்தில் இருக்கும் சல்பேட் சிமெண்டை அரிக்கும்.

பழைய கம்பியை நிமிர்த்தி மறுபடி பீமில் கட்டச் சொல்லும் மேஸ்திரியிடம் தயவுதாட்சண்யம் வேண்டாம். வளைத்து நிமிர்த்திய இடத்தில் கம்பியின் பலம் போயிருக்கும், துரு தின்ற அளவும் தெரியாது. பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிடுங்கள். தராசை நீங்கள் பாருங்கள். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 890 கிராம் என்று ஞாபகம் இருந்தால் அவர் எடையைச் சரிபார்க்கலாம். செம்புக்காக ஒயரைக் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை விஷம். ஒயராகவே விற்றுவிடலாம்.

தொடக் கூடாதவை, கொட்டக் கூடாத இடங்கள்

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், கூளத்தோடு கலக்காதீர்கள். நார் கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. தண்ணீர் அடித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி, தார்ப்பாயில் சுற்றித் தனியாக வையுங்கள். ஆட்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், கைக்குட்டை போதாது.

மிச்சத்தை வாய்க்கால், வடிகால், குட்டை, பழைய கிணறு எதிலும் தள்ளாதீர்கள். கார்த்திகை மழையில் வடிகால் ஒரு இடத்தில் அடைத்தாலும் மேலே உள்ள சம்பா பயிர் மூழ்கும், அது யார் வயலாகவும் இருக்கலாம். கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்று மத்திய அரசு 2016ல் தனி விதிகளே கொண்டுவந்தது. வடிகாலிலும் சாலையிலும் கொட்டாமல் தனியாக வைத்து, உள்ளாட்சி சொல்லும் இடத்தில் சேர்ப்பது இடிக்கிறவர் பொறுப்பு. நாளுக்கு 20 டன்னுக்கு மேலோ ஒரு வேலையில் மாதம் 300 டன்னுக்கு மேலோ கழிவு வந்தால், வகை பிரித்து, முன்கூட்டியே திட்டம் கொடுக்க வேண்டும் என்று அதில் வைத்திருந்தார்கள். 

எல்லாம் போக மனையில் கொஞ்சம் மிஞ்சும். தேறிய கல்லில் 200, ஓட்டில் 50, தேக்குத் துண்டு இரண்டு மூன்றைக் கொல்லையில் மேடான இடத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு வையுங்கள். குடி போன முதல் வருடத்திலேயே துளசி மாடம், தண்ணீர்த் தொட்டிக்கு மேடை, கோழிக்கூடு என்று வீட்டில் ஏதாவது கேட்பார்கள். வாசற்படிக் கருங்கல்லை எங்கள் வீட்டில் கொல்லைக் கிணற்றடியில் துவைகல்லாகப் போட்டிருக்கிறோம். நடுவில் குழிந்திருக்கிறது, மூன்று தலைமுறை மிதித்த குழி, சோப்பு வைக்கச் சரியாக இருக்கிறது.